வண்டு வெட்டிய குருத்தோலை

எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் வாசலில் இரண்டு அலங்காரப் பாம் மரங்கள் சிமெந்துத் தொட்டிகளில் நிற்கின்றன. கடற்காற்றையும் காலி வீதிப் புகையையும் தின்று வளர்ந்தவை. போன கிழமை அவற்றில் ஒன்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர், இரண்டாம் மாடியில் குடியிருக்கிற, வங்கியில் வேலை செய்கிற இளம் பிள்ளை, வந்து என் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், நீங்கள் முந்திப் பூச்சிமருந்துக் கொம்பனியில வேலை செய்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

நான் அந்தக் கொம்பனியை விட்டு வந்து எத்தனையோ காலம். ஆனாலும் யாராவது என்னை நிபுணன் என்று கூப்பிட்டால் இன்றைக்கும் கால் தானாகச் செருப்பைத் தேடும். லிஃப்டில் இறங்கிப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். மட்டைகள் பிரிகிற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வாயில் மென்று துப்பிய நார். அந்த நாரில் இருந்து ஒரு மணம் வந்தது. ஈரத் தும்பும் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்த மணம். நான் நிமிர்ந்தேன்.

"எனக்கு இதெல்லாம் மறந்துபோச்சு பிள்ளை. மருந்துக் கடையில கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மறந்துபோச்சு என்றது பொய். என் உத்தியோக வாழ்க்கையில் ஒழுங்காக ஞாபகம் இருக்கிற ஒரே பூச்சி அதுதான். காண்டாமிருக வண்டு. சிங்களத்தில் குருமிணியா என்பார்கள். கறுப்பாக, பளபளப்பாக, பூட்ஸ் போட்டுப் பொலிஷ் பண்ணிய மாதிரி இருக்கும். தலையில் ஒரு கொம்பு. தென்னையின் குருத்துக்குள் துளைத்துக்கொண்டு போய் இளசைச் சாறாக்கிக் குடிக்கும். இவ்வளவையும் நான் கண்ணால் காண்பதற்கு முன்பே தமிழில் எழுதியிருந்தேன். அங்கேதான் வினை.

அறுபதுகளின் பிற்பகுதி. கோட்டையில் ஒரு பூச்சிமருந்துக் கொம்பனியில், ஆங்கிலத்தில் வரும் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கி டைப் அடிப்பது என் வேலை. புகையிலைக்கு, வெங்காயத்துக்கு, மிளகாய்க்கு, தென்னைக்கு என்று தனித்தனியாக வரும். எத்தனை அவுன்ஸ் மருந்து, எத்தனை கலன் தண்ணீர், எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் நாட்டு விவசாயிகளுக்கு நான் அறிவுரை சொன்னேன். அதுவரை ஒரு மிளகாய்க் கன்றுக்குக்கூட நான் தண்ணீர் ஊற்றியதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் அந்த வேலையெல்லாம் தங்கச்சிமாருடையது. நான் படிக்கிற பிள்ளை.

கந்தோர் முழுக்க மருந்து மணம். அது சேட்டில் ஏறி வீடுவரை கூட வரும். வீடு என்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு பக்க அறை. யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற உத்தியோகத்தர் எல்லாரும் வெள்ளவத்தைக்குத்தான் போவார்கள். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம் என்று யாரோ சொன்னார்கள். சந்துபோலக் குறுகிய ஒழுங்கை ஒன்றின் கடைசியில் சவிரிமுத்து ஐயாவின் வீடு. அவரும் மனைவி ரோசம்மாக்காவும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை.

"என்ன வேல பாக்குறீங்க, தம்பி?" என்று ஐயா முதல்நாள் கேட்டார்.

"பயிர்ப் பாதுகாப்பு," என்றேன். டைப் அடிக்கிற வேலை என்று சொல்லியிருந்தாலும் அறை கிடைக்காமல் போயிருக்காது. ஆனால் இருபத்திரண்டு வயதில் வாய் அப்படித்தான் போகும். ரோசம்மாக்கா மட்டும் என்னை ஓரளவு சரியாக மதித்திருந்தார். "தம்பி வந்த நாள்ல இருந்து வீட்டுல நுளம்பு இல்ல," என்பார்.

ஐயா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற உத்தியோகத்தில் முப்பது வருடம் இருந்தவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று, தேவாலய ஊர்வலத்தின் முன்னால் பங்குக் குருவான பெரிய சுவாமி கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற முதல் தென்னங்குருத்து, அவருடைய வீட்டு வளவில் இருந்துதான் போகும். அவருடைய அப்பா காலத்தில் இருந்து அப்படி. கோயிலில் எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. சுவாமிக்கே அது தெரியுமோ என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் ஐயாவுக்குத் தெரியும், ஒழுங்கைக்குத் தெரியும். ஒழுங்கை முனையில் ஆறு தென்னை வைத்திருந்த ஒரு குடும்பம் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்றும் அவர் நம்பினார். "ஒரு வருசம் விட்டா விட்டதுதான் தம்பி," என்பார்.

பின்வளவில் நாலு தென்னைகள். ஐந்தாவது, எல்லாவற்றிலும் மூத்தது, நான் வருவதற்கு முந்திய வருடக் காற்றில் விழுந்துவிட்டதாம். அவருடைய அப்பா குருத்து வெட்டிய மரம் அதுதான். விறகாக்க ஐயா விடவில்லை. "கோயிலுக்குக் குடுத்த மரம். அடுப்புல வைக்க ஏலாது," என்று சொல்லி, குற்றியை மதிலோரமாகக் கிடத்தியிருந்தார். பின்னேரங்களில் நாங்கள் அதில் உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடிப்போம்.

வளவின் அடுத்த மூலையில் ஒரு தகரக் கொட்டிலும் மூன்று மாடுகளும். மாரிமுத்து என்பவருக்கு ஐயா அந்த இடத்தை விட்டிருந்தார். ஒழுங்கை முழுக்க அவருடைய பால்தான். மாரிமுத்துவின் தாய் தகப்பன் திருச்சிப் பக்கம் ஏதோ ஊரில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை இரண்டு அரசாங்கங்களும் யோசித்துக்கொண்டே இருந்தன. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு ஒரு கடிதம் வந்தபோது என்னிடம்தான் கொண்டுவந்தார். பிஸ்கட் தகரத்தில் இருந்து எடுத்து, கையைத் துடைத்துவிட்டுத் தந்தார். விசாரணைக்கு ஆள் வரும், வதிவிடத்தையும் தொழிலையும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க, கொட்டிலையும் மாட்டையும் காட்டுவேன். பதினாறு வருசமா இங்கதானே கிடக்கேன்," என்றார் மாரிமுத்து.

இதை ஏன் இப்படி விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த இடம் அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது உங்களிடம் சொல்ல முடியாது.

தவக்காலம் தொடங்கிய கிழமை. விபூதிப் புதனன்று ஐயா நெற்றியில் சாம்பலோடு வந்ததைப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று சைவக்காரனான நான் எனக்குள் சந்தோசப்பட்டது ஞாபகம். அடுத்த ஒன்றிரண்டு நாளில் தென்னையில் புது ஓலை விரிந்தது. விரிந்த ஓலையில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முக்கோணம் முக்கோணமாகத் துண்டு போயிருந்தது. கடுதாசியை மடித்துக் கத்தரியால் வெட்டிப் பிரித்த மாதிரி. ஐயா முதலில் எலி என்றார். பிறகு கண்ணூறு என்றார். பிறகு ஒழுங்கை முனைக் குடும்பத்தைச் சந்தேகப்பட்டார். அவர்கள் நாற்பதடி மரத்தில் ஏறி, விரியாத குருத்துக்குள் கத்தரியை விட்டு வெட்டுவது எப்படி என்று ரோசம்மாக்கா கேட்டார்.

மரம் ஏறுகிறவன் ஒரு கம்பியால் கிண்டி அந்த வண்டை எடுத்துக் கொடுத்தான். ஐயா அதை ஒரு தேயிலைப் பேணியில் போட்டு, மூடி, என் அறைக்குக் கொண்டுவந்தார். பேணிக்குள் அது சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இது உங்க சப்ஜெக்ட்தானே?"

"ஓம் ஐயா. உது காண்டாமிருக வண்டு," என்றேன். கொம்பைப் பார்த்துத்தான் சொன்னேன். துண்டுப்பிரசுரத்தில் படம் இருந்தது.

ரோசம்மாக்கா எட்டிப் பார்த்தார். "காண்டாமிருகம் தெஹிவளை சூவுல இருக்கிறதுதானே? அதுக்கும் இதுக்கும் என்ன சொந்தம்?" பிறகு, "எங்க அம்மா வீட்டுல மட்டை இடுக்குல உப்பும் மணலும் போடுவாங்க. வண்டு வராது," என்றார். கொம்பனி மருந்து விற்கிற ஒருவனுக்கு முன்னால் உப்பும் மணலுமா? நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

அன்று பின்னேரம் மதிலோரக் குற்றியில் உட்கார்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, நான் விரிவுரை நிகழ்த்தினேன். மரத்தைத் தின்பது வளர்ந்த வண்டு. அது முட்டை இடுவது வேறு இடத்தில். உக்கிப்போன பொருட்களில் இடும். சாணக் குவியல், எரு...

சாணம் என்ற சொல் வந்ததுமே ஐயாவின் கண் மாட்டுக் கொட்டில் பக்கம் போய்விட்டது. என்னுடைய பட்டியல் அதோடு முடியவில்லை. ஆனால் கேட்கிறவர் அவ்வளவு கவனமாக ஒரு பக்கம் பார்க்கத் தொடங்கினால், சொல்கிறவனும் அந்தப் பக்கமே போய்விடுகிறான். "ஓம் ஐயா, உதுதான். சந்தேகமே இல்லை," என்றேன்.

மறுநாள் காலை ஐயா கொட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். விஞ்ஞானத்தின் சார்பில் நானும் போனேன். மாரிமுத்து பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, சாணி இங்க நிக்கிறதே இல்லீங்களே. கறுவாத்தோட்டத்துப் பங்களாவுக்கு ரோசாச் செடிக்குன்னு வாரா வாரம் வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போவுது. இதுல எங்கங்க புழு வரும்?" சொல்லிவிட்டு முழங்கை வரை கையைக் குவியலுக்குள் விட்டு, அள்ளி எங்கள் முன்னால் பரப்பினார். "நீங்களே கையை விட்டுப் பாருங்க, சாமி."

சாமி என்றது என்னை. நான் கந்தோருக்குப் போகிற வெள்ளைச் சேட்டோடு நின்றேன். கையை விடவில்லை. "கண்ணுக்குத் தெரியாது, முட்டையாக இருக்கும்," என்றேன்.

துண்டுப்பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. புழு முழுதாக வளர மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவு காலமும் அது இருக்கும் இடம் கலைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று. வாரா வாரம் அள்ளுகிற சாணத்தில் வண்டு பிறக்காது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த வரியையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். இலக்கணம் சரியா என்று இரண்டு தரம் பார்த்தும் இருந்தேன்.

ஐயா கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். ஆனால் குருத்தோலை ஞாயிறுக்கு நாலு கிழமைதான் இருந்தது. "வேற இடம் பாருங்க மாரிமுத்து. நான் என்ன செய்ய, இவர் படிச்சவர் சொல்றாரே," என்றார். ரோசம்மாக்கா குசினிக்குள் சட்டி பானையை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார். மாரிமுத்து விசாரணைக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "ஆள் வந்து பாத்துட்டுப் போறவரைக்கும் விடுங்க ஐயா. எடமில்லாம நின்னா என்னத்தக் காட்டுவேன்?" ஐயா என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் கந்தோருக்கு நேரமாகிறது என்றேன்.

இடம் தேடி இரண்டு கிழமை மாரிமுத்து கொட்டாஞ்சேனை முழுக்க அலைந்தார். மூன்று மாட்டோடு வருகிற மனிதனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? கடைசியில் மாடுகளை வத்தளையில் ஒருவருக்கு விற்பதாகப் பேசிமுடித்தார். புறப்பட்ட காலையில் வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றினார். பிறகு மாடுகளை ஒன்றின் பின் ஒன்றாக ஒழுங்கையால் நடத்திக்கொண்டு போனார். என் அறை யன்னலுக்கு நேரே வந்ததும் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும். வர்றேங்க," என்றார்.

மாடுகள் போனபிறகும் வண்டு வந்தது. முன்பைவிட அதிகமாகவே வந்தது என்று ரோசம்மாக்கா சொன்னார். எப்படியும் அந்த வருடக் குருத்துகளுக்குள் வெட்டு ஏற்கனவே விழுந்து முடிந்திருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் காலை மரத்தில் இருந்து இறக்கிய குருத்து ஒவ்வொன்றிலும் முக்கோணங்கள். ஐயா நாலையும் முற்றத்தில் விரித்துப்போட்டு, பிரேதத்துக்குப் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தார். கடைசியில் ரோசம்மாக்கா கத்தரிக்கோலை எடுத்துவந்து, இருந்ததில் நல்லதாக ஒன்றைத் தெரிந்து, பிய்ந்த ஓரங்களை மட்டும் ஒழுங்காக நறுக்கிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஒழுங்கை முகப்பில் நின்று நானும் ஊர்வலம் பார்த்தேன். பெரிய சுவாமி முன்னால் வந்தார். கையில் எங்கள் வளவுக் குருத்து. இளமஞ்சள் நிறத்தில், இரு பக்கமும் முக்கோண வேலைப்பாட்டோடு, அது மற்ற எல்லாக் குருத்தையும்விட அழகாக இருந்தது. ஊர்வலம் முடிந்ததும் சனம் ஐயாவைச் சூழ்ந்துகொண்டது. "எவ்வளவு நேரம் இருந்து வெட்டினீங்க?" "எங்க படிச்சீங்க இந்த வேலைய?" ஒழுங்கை முனைக் குடும்பத்து அம்மா, அடுத்த வருசம் தங்களுக்கும் காட்டித்தர வேண்டும் என்று கேட்டாராம். ஐயா ஒன்றையும் மறுக்கவில்லை. ரோசம்மாக்காவின் கத்தரிக்கோல் என்று மட்டும் சொன்னார். ஆக, பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை. வண்டே வந்து அதைக் கூட்டிவிட்டுப் போயிருந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து நாலைந்து மாதம். ஒரு பின்னேரம் ஐயாவும் நானும் வழக்கம்போலத் தேத்தண்ணிக் கோப்பையோடு குற்றியில் போய் உட்கார்ந்தோம். நடுப்பகுதி சட்டென்று உள்ளே இறங்கியது. ஐயா விழுந்துவிடாமல் என் தோளைப் பிடித்தார். எழுந்து பார்த்தோம். மேல்தோல் மட்டும்தான் மரம். உள்ளே முழுக்க உக்கிப் பொடியாகி இருந்தது. அந்தப் பொடிக்குள், பெருவிரல் பருமனில், வெள்ளையாகச் சுருண்டபடி புழுக்கள். நூறுக்கு மேல் இருக்கும். பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி நான் விரிவுரை நிகழ்த்திய இடத்துக்கு நேர் கீழே இருந்தவைதான் கொழுத்தவை. உக்கிய தென்னங்குற்றி என்பது என்னுடைய பட்டியலில் சாணத்துக்கு அடுத்த சொல். அன்றைக்கு நான் அதுவரை போகவில்லை.

ஐயா கோப்பையை மதிலில் வைத்தார். எனக்கு வந்த வெட்கத்தில் அவரைப் பார்க்க முடியவில்லை.

"மாரிமுத்துவக் கூட்டிட்டு வரணும்," என்றார்.

சனிக்கிழமை நீர்கொழும்பு வீதி பஸ் எடுத்து வத்தளைக்குப் போனோம். மாடு வாங்கியவரின் வீட்டைக் கண்டுபிடிக்க அரை நாள் பிடித்தது. மூன்று மாடும் அங்கே நின்றன. வீட்டுக்காரர் சிங்களவர். மரியாதையாகக் கதிரை போட்டார். ஐயா கேட்டதும் கையால் வடக்குப் பக்கம் காட்டினார்.

"எயா இந்தியாவட்ட கியா, மாத்தயா."

இந்தியாவுக்குப் போய்விட்டார். இடமும் இல்லை, தொழிலும் இல்லை, இனி விசாரணைக்கு என்னத்தைக் காட்டுவது என்று சொல்லி, இங்கே போட்ட விண்ணப்பத்தை விட்டுவிட்டு, இந்தியாவுக்குப் போகிற மற்றப் படிவத்தில் பெருவிரல் வைத்தாராம். பேரைக் கூப்பிடும்வரை சில மாதம் இவருடைய வீட்டிலேயே மாடு பார்த்திருக்கிறார். முந்திய கிழமைதான் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருக்கிறார்.

திரும்பும்போது களனி கங்கைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஐயா யன்னல் பக்கம் இருந்தார். ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் நாளைக்குச் சுவாமியிட்டப் போய் பாவசங்கீர்த்தனம் செய்வேன். அவர் ஏதும் செபம் சொல்லச் சொல்லுவார், சொல்லிடுவேன். நீங்க சைவக்காரர், தம்பி. நீங்க என்ன செய்வீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

அந்த வருடமே எனக்கு வெள்ளவத்தையில் இடம் கிடைத்து வந்துவிட்டேன். நாலு தென்னையில் இரண்டு பட்டுப்போனதாகவும் மற்ற இரண்டை ஐயாவே தறிப்பித்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். ஐயாவும் போனார், ரோசம்மாக்காவும் போனார். வளவு கைமாறிக் கைமாறி, இப்போது கொள்கலன் லொறிகள் நிறுத்துகிற இடமாக இருக்கிறது. அந்த ஒழுங்கையில் இன்றைக்கு ஒரு தென்னையும் இல்லை, ஒரு மாடும் இல்லை. பால் பெட்டியில் வருகிறது. குருத்தோலையை வெளியூரில் இருந்து லொறியில் கொண்டுவந்து வாசலில் விற்கிறார்கள் என்று சொல்கிறார்கள். வெட்டுப்படாத, குறையில்லாத ஓலைகள்.

ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு தலயாத்திரை போனேன். திருச்சியில் ஒரு காலை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பால்காரர்கள் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் உயிரோடு இருந்தால் தொண்ணூறு வயது இருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தும் வாய் கேட்கவில்லை. "மாரிமுத்து!" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் நாற்பது வயதுக்கு மேல் இராது. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார் பெரியவர் என்று நினைத்து, பரவாயில்லை என்று சிரித்துவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.